கட்டிப்பிடிக்கிற சீன் மட்டும் பாக்கி

சினிமாவுல கன்டினியூட்டி பார்க்கிறவளுக்குக் கைதட்டே கிடையாதுங்க. ஏதாவது தப்பு நடந்தா மட்டும் எல்லாருக்கும் அவ பேரு டக்குனு ஞாபகம் வந்துரும்.

கன்டினியூட்டின்னா என்னன்னு கேக்கறீங்களா? ஒரு சீன்ல ஹீரோ இடது கையில டீ கிளாஸ் வெச்சிருக்கான்னு வெச்சுக்கோங்க. நாலு நாள் கழிச்சு அதே சீனோட மிச்சத்தை எடுக்கறப்ப, அதே கையில, அதே அளவு டீயோட கிளாஸ் இருக்கணும். அதைப் பார்த்துக்கறதுதான் என் வேலை. நேத்து எப்படியோ இன்னைக்கும் அப்படி. கேக்கச் சுலபமாத்தான் இருக்கும். ஆனா வீட்டுல பதினேழு வயசுல ஒரு பிள்ளையை வெச்சிருக்கறவங்களுக்கு என் பாடு புரியும். அதுக நேத்து இருந்த மாதிரி என்னைக்காவது இன்னைக்கு இருந்திருக்குதுங்களா? எனக்கு அப்படி மூணு பேரு வாய்ச்சாங்க.

நான் திருப்பூர்க்காரி. மூணு வருஷம் ஒரு பனியன் கம்பெனியில ஆர்டர் கவனிக்கற மெர்ச்சன்டைசரா இருந்துட்டு, சினிமா ஆசையில வேலையை விட்டவ. எங்கப்பா தினமும் சாப்பாட்டுத் தட்டை வெச்சுக்கிட்டு, "படம் வருமா, வராதா?"ன்னு மட்டும் கேப்பாரு. படம் என்னன்னா, பிளஸ் டூ பசங்களோட நட்பும் காதலும். தரணி, ஜெபா ரெண்டு பேரும் உயிருக்குயிரான நண்பர்கள். தரணிக்கு ஜனனி மேல காதல். மூணு பேருமே நடிப்புக்குப் புதுசு. கூப்பிடறதுக்குச் சிரமமா இருக்குதுன்னு படத்துலயும் அவங்க பேரையே வெச்சுட்டாரு டைரக்டர்.

கடைசி சீன் சாமளாபுரம் குளத்துக் கரையில. சண்டை போட்டுப் பிரிஞ்ச தரணி, ஜெபாவைத் தேடி ஓடி வந்து, மூச்சிரைக்க அவன் முன்னாடி நிக்கணும். கட்டிப்பிடிக்கணும். படம் முடிஞ்சது. ஓடி வந்து நிக்கிறது வரைக்கும் எடுத்துட்டோம். அதுக்கப்புறம் ஒம்பது மாசம் ஷூட்டிங் நின்னு போச்சு. கட்டிப்பிடிக்கிறது மட்டும் பாக்கி. அந்த ஒரு நிமிஷம் இல்லீனா படத்துக்கு முடிவே கிடையாது, எங்கப்பாவுக்குப் பதிலும் கிடையாது. அந்த ஒரு நிமிஷத்துக்காக நான் பட்ட பாட்டைத்தான் சொல்றேன், கேளுங்க.

மீசை

ஷூட்டிங் ஆரம்பிச்சு நாலாவது நாள். முந்தின நாள் எடுத்த வகுப்பறை சீனோட மிச்சம். தரணி வந்து பெஞ்சுல உக்காந்தான். எனக்கு என்னமோ இடிக்குது, என்னன்னு பிடிபடல. சட்டை சரி, பேனா சரி, தலைவகிடு சரி. கிட்டப் போய்ப் பார்த்தா, மேலுதடு பால் டப்பா மாதிரி பளபளன்னு இருக்குது. மீசையைக் காணோம்!

அது மீசைன்னு சொல்றதே கொஞ்சம் ஜாஸ்திதான், பென்சில்ல தேய்ச்ச மாதிரி ஒரு நிழல். இருந்தாலும் நேத்து எடுத்த அரை சீன்ல அந்த நிழல் இருக்குதுல்ல? மேக்கப்காரர் கருப்பு மை தடவினாரு. வாலிபம் போய் வில்லன் மாதிரி ஆயிட்டான். அன்னைக்கு ஷூட்டிங் கேன்சல். டைரக்டர் என்னைத்தான் திட்டினாரு. ஊர்ல இருக்கற மீசைக்கெல்லாம் நானா காவல்? ஏன்டா இப்படிப் பண்ணினேன்னு தரணிகிட்டக் கேட்டா, சேவூர்ப் பையன், தலையைக் குனிஞ்சு ரொம்ப மரியாதையாச் சொல்றான்:

"ஏனுங்கக்கா, ஜனனியோட நடிக்கறப்ப நல்லா அடர்த்தியா இருக்கட்டும்னுதானுங்க ஒருதரம் வழிச்சுட்டேன்!"

இஞ்சு டேப்

ஜனனிக்கு ஊரு தாராபுரம். அவளை அனுப்பறப்ப வீட்டுல ஒரே ஒரு நிபந்தனை: தாய்மாமன் கூடவே இருப்பாரு. மாமன் இங்க திருப்பூர்ல ஒரு பனியன் தைக்கற யூனிட்ல டெய்லர் மாஸ்டர். கழுத்துல இஞ்சு டேப்பை மாலையாட்டம் போட்டுக்கிட்டு, கேமராவுக்குப் பக்கத்துல ஒரு ஸ்டூல்ல உக்காந்துக்குவாரு. நல்ல மனுசன், எல்லாருக்கும் முறுக்கு வாங்கிட்டு வருவாரு. அதனால கோபப்படவும் முடியாது.

முக்கியமான காதல் சீன். ரெண்டு பேரும் பஸ் ஸ்டாப்புல நின்னு ஒருத்தரை ஒருத்தர் பார்க்கணும். பார்த்தா மட்டும் போதும், பேச்சே இல்லை. டைரக்டர் "ஆக்‌ஷன்"னாரு. தரணி பார்த்தான். ஜனனி பார்த்தா. அந்தப் பக்கம் மாமன் பார்த்தாரு. ஜனனி மாமனைப் பார்த்துட்டாள், தரணியும் மாமனைப் பார்த்துட்டான். ஏழு டேக், ஏழுலயும் ரெண்டு பேரும் மாமனைத்தான் காதலிச்சாங்க. எட்டாவது டேக்குல அவரே எழுந்து வந்து, கழுத்துல இருந்த டேப்பை உருவி ரெண்டு பேருக்கும் நடுவுல பிடிச்சாரு. முப்பத்தி ரெண்டு இஞ்சு. என்னைப் பார்த்து, "குறிச்சுக்கோ கண்ணு"ன்னாரு. கன்டினியூட்டி பார்க்கிறவ நான்தானே, குறிச்சுக்கிட்டேன். எல்லா இடத்துலயும் இதே அளவு இருக்குதான்னு படம் முடியற வரைக்கும் சரிபார்க்கச் சொன்னாரு. டைரக்டர் தலையில கை வெச்சு உக்காந்ததும், சமாதானமா அவர் சொன்னது:

"அட, காதலிக்கட்டுமுங்க, நான் வேண்டாங்கல, கொஞ்சம் லூஸ் ஃபிட்டிங்கா காதலிக்கட்டும்னுதான் சொல்றனுங்க."

ஓட்டைச் சட்டை

எங்க தயாரிப்பாளர் வேலுச்சாமியண்ணன். பனியன் கம்பெனி முதலாளி. படத்துக்கு வேண்டிய துணியெல்லாம் அவர் யூனிட்லயே தைச்சு, அங்கயே ஒரு பீரோவுல அடுக்கி வெப்போம். சண்டை சீன்ல ஜெபாவோட சட்டை தோள்பட்டையில கிழியும், முதுகு பூரா செம்மண்ணு அப்பும். பாதி சண்டையை ஒரு நாள் எடுத்தோம், மீதி மறுநாள். கிழிஞ்ச சட்டையை அப்படியே கவர்ல போட்டு, தொடக்கூடாதுன்னு எழுதி பீரோவுல வெச்சேன். எழுதினது எந்தப் பக்கம் இருந்துச்சோ தெரியல.

காலையில பீரோவைத் திறந்தா, புது பாலிதீன் பையில, மடிப்புக் கலையாம, 'எம்' சைஸ் ஸ்டிக்கர் ஒட்டி, புத்தம் புதுச் சட்டை ஒண்ணு சிரிக்குது. செம்மண்ணு போயிருச்சு. தோள்ல கிழிசல் எங்க இருந்துச்சுன்னே தெரியாத அளவுக்குத் தையல். பிசிறு கூட வெட்டி எடுத்திருக்காங்க! அப்படி ஒரு நேர்த்தி. எனக்கு அழறதா சிரிக்கறதான்னு தெரியல. செக்கிங்ல இருக்கற சரசக்காதான் செஞ்சது. காலையில சீக்கிரமா வந்து, என் மேல இருக்கற பிரியத்துல ஒரு மணி நேரம் உக்காந்து தைச்சிருக்குது. நான் கத்திரியை எடுத்து அதே இடத்துல வெட்டப் போனேன். அக்கா "ஐயோ சாமி"ன்னு முகத்தைத் திருப்பிக்கிச்சு. முந்தின நாள் நான் எடுத்து வெச்சிருந்த போட்டோவைப் பார்த்துப் பார்த்து நான் கிழிக்கக் கிழிக்க, சரசக்கா என் பின்னாடி நின்னு புலம்பினது இது:

"வருசம் பூரா ஓட்டையைத் தேடறதுதான் எங்க பொழப்பு; ஓட்டையைப் பார்த்துட்டுச் சும்மா உக்காருன்னா எப்படிக் கண்ணு உக்கார்றது?"

கன்டெய்னர்

கடைசி சீன் எடுத்த அன்னைக்கு நடந்தது இது. குளத்துக் கரை. தரணி ஓடி வந்தான். சொன்ன இடத்துல நின்னான். மூச்சு வாங்குது, கண்ணுல தண்ணி. யாரும் கிளிசரின் கூடப் போடல. ஜெபா திரும்பிப் பார்த்தான். டைரக்டர் "கட்! அருமை! அடுத்து கட்டிப்பிடிக்கிறது"ன்னாரு. கேமராவை இந்தப் பக்கம் மாத்தறதுக்குள்ள வேலுச்சாமியண்ணன் காரு வந்து நின்னுச்சு. வெளிநாட்டுக்குக் கன்டெய்னர்ல போற ஆர்டர் ஒண்ணோட தேதி திடீர்னு முன்னாடி வந்துருச்சாம். வேன், ஜெனரேட்டர், லைட்டுக்கு நின்ன ஆளுங்க, எல்லாம் அவர் கம்பெனியோடது. அத்தனையும் உடனே யூனிட்டுக்குப் போகணும்னுட்டாரு.

"அண்ணா, அரை மணி நேரம்ங்க. கட்டிப்பிடிச்சுட்டா முடிஞ்சதுங்க"ன்னு நான் கெஞ்சினேன். பசங்க ரெண்டு பேரும் அந்த இடத்துலயே நிக்கறாங்க, தோள்ல கை போட்டுக்கிட்டு, சிரிச்சுக்கிட்டு. அன்னைக்கு அவங்க கட்டிப்பிடிச்சிருந்தா கோந்து போட்டாப்பல ஒட்டியிருப்பாங்க. அண்ணன் கேக்கவே இல்லை. காருக்குள்ள உக்காந்து கண்ணாடியை ஏத்தறதுக்கு முன்னாடி அவர் சொன்னது:

"பசங்க எங்கம்மா ஓடிப் போகப் போறாங்க, கன்டெய்னர்தான் போயிரும்!"

ஒம்பது மாசம்

பசங்க ஓடித்தான் போனாங்க. ஆர்டர் மேல ஆர்டர்னு ஒம்பது மாசம் இழுத்துட்டு, அண்ணன் போன் பண்ணி, "ஒரு ஞாயித்துக்கிழமை தர்றேன், முடிச்சுக்கோங்க"ன்னாரு. நான் முதல்ல ஜெபாவைத் தேடிப் போனேன். தூத்துக்குடிப் பக்கத்துல இருந்து வந்த குடும்பம். அப்பா டெய்லர். பதினெட்டு முடிஞ்சதும் பையனை வேற ஒரு பனியன் கம்பெனியில துணி வெட்டற கட்டிங் செக்‌ஷன்ல சேர்த்து விட்டுட்டாரு. ஆளே மாறிட்டான். நாலு விரக்கடை வளர்ந்திருக்கான், குரல் உடைஞ்சு தொண்டையில தகர டப்பா உருளுது. நான் போட்டோவையும் அவனையும் மாத்தி மாத்திப் பார்த்தேன். கடவுளே, ஒரு எலும்பு கூட நேத்து மாதிரி இல்லை!

சரி, பள்ளத்துல நிக்க வெச்சு எடுத்துக்கலாம்னு மனசைத் தேத்திக்கிட்டு, "தரணியும் வர்றான்டா"ன்னேன். முகம் சுருங்கிப் போச்சு. மெதுவாக் கேட்டதுக்கப்புறம் சொன்னான். தரணி இப்ப கோயமுத்தூர்ல இன்ஜினியரிங் படிக்கிறான். ஒரு நாள் டீ டைம்ல ஜெபா கம்பெனி கேட்டுக்கு வெளிய நின்னிருக்கான். தரணி காலேஜ் பசங்களோட அந்த வழியா வந்திருக்கான். இவன் கையைத் தூக்கியிருக்கான். அவன் பார்த்திருக்கான். பார்த்துட்டு, பார்க்காத மாதிரி அந்தப் பக்கம் தலையைத் திருப்பிக்கிட்டுப் போயிட்டான். எனக்கு நெஞ்சுல சுருக்குன்னுச்சு. அது நட்புக்காக மட்டும் வந்த சுருக்குன்னு நினைச்சுக்காதீங்க. படம் போச்சேங்கற பயமும் பாதி இருந்துச்சு. "ஞாயித்துக்கிழமை வந்து கட்டிப்பிடிச்சுட்டு மட்டும் போடா"ன்னு கும்பிடாத குறையாக் கேட்டேன். ஜெபா சொன்னது:

"வாரேன்க்கா, உங்களுக்காக வாரேன், ஆனா அவன் யாருன்னே எனக்குத் தெரியாது."

பதினாலு டேக்

ஞாயித்துக்கிழமை. அதே கரை, அதே யூனிபார்ம். ஜெபாவுக்குப் பேன்ட் கணுக்கால் வரைக்கும் எட்டாததால ஓரத்தைப் பிரிச்சு விட்டாச்சு. சென்னையில இருந்து வந்த கேமரா மறுநாள் சாயங்காலம் திரும்பிப் போகணும். எல்லாம் தயார். "ஆக்‌ஷன்"னதும் ரெண்டு பேரும் கட்டிப்பிடிச்சாங்க பாருங்க, நடுவுல ஒரு கேஸ் சிலிண்டரை வெச்சிருந்தாக் கூட நின்னிருக்கும்! இவன் குளத்தைப் பார்க்கறான், அவன் வானத்தைப் பார்க்கறான். டைரக்டர் கத்தினாரு, கெஞ்சினாரு, தரணி மாதிரி அவரே ஓடி வந்து ஜெபாவைக் கட்டிப்பிடிச்சுக் காட்டினாரு. பதினாலு டேக் ஆச்சு, வெயிலும் இறங்கிருச்சு.

எனக்குப் பொறுமை போயிருச்சுங்க. வாயை வெச்சுக்கிட்டுச் சும்மா இருந்திருக்கலாம். அத்தனை பேரு முன்னாடியும், "தரணி, அன்னைக்குக் கேட்டுல இவனை நீ பார்த்தியா இல்லையா? அதைச் சொல்லித் தொலைடா!"ன்னு கத்திட்டேன். தரணி காலால மண்ணைக் கிளறிக்கிட்டே, "பார்த்தனுங்க்கா"ன்னான். அப்புறம் உடைஞ்சு போய் எல்லாத்தையும் கொட்டினான். காலேஜ் பசங்ககிட்டப் பெருமைக்காக, கூட நடிச்ச ஜெபா சென்னையில பெரிய ஆளாயிட்டான், அடுத்த படத்துல நடிக்கறான்னு புளுகியிருக்கான். தலை பூராப் பஞ்சோட ஜெபா கேட்டுல நின்னு கையை ஆட்டினதும், புளுகு வெளிய வந்துருமேன்னு பயந்து தலையைத் திருப்பிட்டானாம். "உன்னை நினைச்சு வெக்கப்படலைடா, என்னை நினைச்சுத்தான்"னு சொல்லிட்டு விம்மி விம்மி அழறான்.

டைரக்டருக்கு ஒரே சந்தோஷம். "அப்படியே இரு! இதே கண்ணீரோட இப்பக் கட்டிப்பிடிங்க!"ன்னாரு. ஜெபா மாட்டேன்னுட்டான். நடிப்புதானேப்பான்னாரு. அசையல. வேலுச்சாமியண்ணன் வாட்சைப் பார்த்துட்டு, "சரி, மூட்டையைக் கட்டுங்க"ன்னாரு. என் ரெண்டு வருஷத்து உழைப்பு மூட்டையோட வேன்ல ஏறுது. அப்பத்தான் ஜெபா தரணியைப் பார்த்துச் சொன்னான்:

"நாளைக்கு டீ டைமுக்கு அவனுக எல்லாரையும் கூட்டிட்டுக் கேட்டுக்கு வாலே, அவனுக முன்னாடி என் பேரச் சொல்லிக் கூப்பிடு, அதுக்கப்புறம் பாப்போம்."

டீ டைம்

கேமரா சாயங்காலம்தானே போகுது? காலையிலயே கேமராமேன் கைகாலைப் பிடிச்சு, கம்பெனி கேட்டுக்கு எதிர்ல இருக்கற டீக்கடை பெஞ்சுல உக்கார வெச்சுட்டேன். டைரக்டர் பக்கத்துல பஜ்ஜி தின்னுக்கிட்டு, "இது உருப்படாது"ன்னு முனகிக்கிட்டே இருந்தாரு. டீ டைமே பத்து நிமிஷம். மணி அடிச்சுச்சு. ஜெபா வந்தான். டீயை வாங்கினான். ரோட்டுப் பக்கமே திரும்பல. அஞ்சு நிமிஷம் போச்சு. ஆறு, ஏழு. தரணியைக் காணோம். நான் மனசுக்குள்ள அவன் வம்சத்தையே திட்டி முடிச்சுட்டேன். எட்டாவது நிமிஷம் ரெண்டு பைக்குல நாலு பசங்களோட வந்து இறங்கினான்.

"ஜெபா!"ன்னு தெருவே திரும்பற மாதிரி கூப்பிட்டான். ஜெபா கிளாஸை வெச்சான். தரணியைத் தாண்டி, அவனைப் பார்க்காத மாதிரி நேரா கேட்டைப் பார்த்து நடந்தான். என் உசுரு போயிருச்சுங்க. காலேஜ் பசங்க முழிக்கறாங்க. தரணிக்குக் காதெல்லாம் செவந்து போச்சு. அவங்க பக்கம் திரும்பி, "டேய், இவன்தான்டா ஜெபா. சென்னையில இருக்கான்னு நான் சொன்னது பொய். இங்க கட்டிங்ல வேலை செய்யறான். என் ஃப்ரெண்டு"ன்னு சொல்லிட்டு, யாரும் "ஆக்‌ஷன்" சொல்லாமலே ஓடினான். கேட்டுக்குள்ள ஒரு காலை வெச்ச ஜெபா திரும்பினான். "பாக்காத மாரி போனா எப்படி இருக்கும்னு இப்பத் தெரிஞ்சுதாலே?"ன்னு கேட்டுட்டு, அவனே இழுத்துக் கட்டிப்பிடிச்சான். உள்ள இருந்து சூப்பர்வைசர் கத்தறாரு, மணி அடிக்குது, ரெண்டும் விடல. தரணியோட வெள்ளைச் சட்டையெல்லாம் பஞ்சு.

நான் அழுதேங்க, சொல்றதுக்கென்ன. ஆனா தொழில் புத்தி விடுமா? கண்ணைத் துடைச்சுட்டு டைரக்டர்கிட்ட வரிசையாச் சொன்னேன்: சார், அவன் ஓடி வந்தது குளத்துக் கரையில, நிக்கறது கம்பெனி கேட்டுல. யூனிபார்ம் இல்லை. உயரம் வேற, குரல் வேற. ஒருத்தன் கழுத்துல காலேஜ் ஐடி கார்டு, இன்னொருத்தன் கழுத்துல கம்பெனி ஐடி கார்டு. ஒண்ணு கூட ஒட்டாது சார்! அவரு பஜ்ஜிக் கையைத் துடைச்சுக்கிட்டு, எடுத்ததைத் திரும்பத் திரும்பப் பார்த்துட்டு, ரொம்ப சாவகாசமாச் சொன்னாரு:

"கீழ 'ஒரு வருஷம் கழித்து'ன்னு எழுத்துப் போட்டுட்டா எல்லாம் ஒட்டிக்கும்மா; இந்த சீனுக்கு உன் வேலையே தேவைப்படலை பாரு."

வளர்ற பசங்களைப் பத்திப் படம் எடுக்கறவங்க, அவங்க வளராமப் பார்த்துக்கறதுக்குன்னே என்னை மாதிரி ஒருத்தியைச் சம்பளம் குடுத்து வெச்சுக்கறாங்களே, அவங்களை என்னங்க சொல்றது!